சாயப்பட்டறையில் ஒரு செலக்‌ஷன் கமிட்டி

செருப்பைக் கழற்ற வேண்டாம், அப்படியே வாருங்கள். தரையெல்லாம் சாயத் தண்ணி. வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை. தலையைக் குனிந்துகொள்ளுங்கள், கொடியில் ஈரச் சேலை தொங்குகிறது. அதை இப்படி ஒதுக்கிவிட்டு உள்ளே எட்டிப் பாருங்கள். இதுதான் சின்னாளப்பட்டியின் செலக்‌ஷன் கமிட்டி!

இன்று 2025 ஜூலை 5, சனிக்கிழமை. நாளை ராத்திரி நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் ஃபைனல். நடப்புச் சாம்பியன் திண்டுக்கல் டிராகன்ஸ் ஒரு பக்கம், திருப்பூர் தமிழன்ஸ் மறுபக்கம். சொந்த மண்ணில் ஃபைனல் என்றால் ஊர் எப்படி இருக்கும்? டீக்கடையில் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் பட்டறையில போயிக் கேளுங்க, அங்கதான் ஆதாரத்தோட அடிச்சுக்குவாங்க" என்றார்கள். தெரிந்தவரைப் பிடித்து, அவர் முதலாளியிடம் சொல்லி, "வரட்டும், மெழுகுச் சட்டிப் பக்கம் மட்டும் போக வேண்டாம்" என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. கடைக் கண்ணாடிக்குள் மடித்து வைத்த சுங்குடிச் சேலையைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். அதற்கு முந்தைய கூத்தைப் பார்க்கப் போகிறோம் என்ற குஷி எனக்கு வாசலிலேயே தொடங்கிவிட்டது.

முதலில் வாசனை. உருகும் மெழுகு, சாயம், அரிசிக் கஞ்சி, பீடி, நாலும் சேர்ந்து மூக்கில் ஏறும். நீள மேசையில் துணி விரித்திருக்கிறது. இளவட்டம் ஒருவர் அச்சுக்கட்டையைச் சூடான மெழுகில் தோய்த்து, துணியில் வைத்து, உள்ளங்கையால் ஒரு தட்டு. அடுத்த தட்டு. அடுத்தது. மெழுகு பிடித்த இடத்தில் சாயம் ஏறாது, அவ்வளவுதான் சூட்சுமம். அவர் நெற்றி வியர்வை மூக்கு நுனிக்கு வந்து நிற்கிறது, துணியில் விழுவதற்குள் தோளில் துடைத்துக்கொள்கிறார். தட்டும் தாளம் ஒரு இடத்திலும் பிசகவில்லை. வாய் மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது.

"அஸ்வின் ஓப்பனிங் இறங்கணும். அதுல பேச்சே கிடையாது." தட்.

"ஏன் மாப்ள, எலிமினேட்டர்ல அடிச்சாருங்கிறதுக்காகவா?" சாயத் தொட்டிப் பக்கமிருந்து ஒரு குரல்.

"48 பந்துல 83, மூணு விக்கெட்டு. திருச்சிக்காரங்களை ஒத்த ஆளா முடிச்சு விட்டாரு. இன்னும் என்னத்த பண்ணணும்கிறீங்க?" தட், தட்.

இந்த இடத்தில் நோட்டு வந்தது. அதை நீங்கள் பக்கத்தில் வந்து பார்க்க வேண்டும். நீளவாட்டுக் கணக்கு நோட்டு. முன்பக்கத்திலிருந்து திருப்பினால் சேலைக் கணக்கு: எத்தனை உருப்படி போனது, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி. பின்பக்கத்திலிருந்து திருப்பினால் டி.என்.பி.எல். நோட்டுக்குச் சொந்தக்காரர் சாயம் தோய்க்கும் பெரியவர். பட்டறையில் எல்லோருக்கும் அவர் மாமா. பந்து, ரன், விக்கெட் எல்லாம் பென்சிலில் கட்டம் கட்டி எழுதியிருக்கிறார். சில பக்கங்களில் மெரூன் கலரில் கட்டைவிரல் ரேகை. சேப்பாக் சூப்பர் கில்லீஸின் ஒரு ஸ்கோர் அப்படியே ரேகைக்கு அடியில் மறைந்து கிடக்கிறது. "அது தானா விழுந்தது" என்கிறார் மாமா. யாரும் நம்பவில்லை.

இரண்டு பக்கக் கணக்கும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளப் போகிறது, இன்னும் நாலைந்து தாள்தான் மிச்சம். சீசன் முடிவதற்குள் சேலை ஆர்டர் நிறைய வந்துவிடக் கூடாதே என்று முதலாளியின் காதில் விழும்படியே ஒருவர் வேண்டிக்கொண்டார். முதலாளி கேட்காத மாதிரி இருந்தார். நல்ல மனுஷன்.

மாமா 2016-இலிருந்து ஆரம்பித்தார். நடராஜன் திண்டுக்கல் சட்டை போட்டு யார்க்கர் இறக்கிய முதல் சீசன். பிறகு 2018 ஃபைனல்: 117-க்குச் சுருண்டு, மதுரையிடம் கோப்பையைக் கொடுத்தது. 2019 ஃபைனல்: 127 எடுத்தால் போதும் என்ற நிலையில் சேப்பாக்கிடம் 12 ரன்னில் தோற்றது. பெரியசாமி 15 ரன் கொடுத்து அஞ்சு விக்கெட். அந்த வரியை வாசிக்கும்போது மாமா குரல் இறங்கிவிட்டது, நேற்று நடந்த துக்கம் மாதிரி. 2024-இல்தான் விடிந்தது. கோவையைத் தோற்கடித்து முதல் கோப்பை, கேப்டன் அஸ்வின் ஃபைனலில் 52.

"ஆக மூணு ஃபைனல், ஒரு கப்பு. நாளைக்கு நாலாவது" என்று மாமா பென்சிலைக் காதில் செருகினார்.

"2018-ஐ இன்னொரு வாட்டி வாசிங்க மாமா, காது குளிரக் கேப்போம்" என்று மூலையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவர் சிரித்தார். இவர் மதுரையிலிருந்து இந்த ஊருக்கு வந்த மாப்பிள்ளை. மதுரை பாந்தர்ஸ் ரசிகர். இவருக்கு டீ கடைசியாகத்தான் வரும், அதுவும் ஆறித்தான் வரும். சின்னாளப்பட்டி, திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் நடுவில் ரோட்டோரமாக உட்கார்ந்திருக்கிற ஊர். பெண் எடுப்பதும் கொடுப்பதும் ரெண்டு பக்கமும் நடக்கும். ஆனால் கிரிக்கெட்டில் சம்பந்தம் கிடையாது!

மதுரை என்றதும் துண்டு விவகாரம் கிளம்பிவிட்டது. ஞாபகம் இருக்கிறதா? ஜூன் மாதம் சேலம் ஆட்டத்தில், ஈரப் பந்தைத் துடைக்கிற துண்டில் ஏதோ கெமிக்கல் கலந்திருந்தது என்று திண்டுக்கல் மேல் மதுரை புகார் சொன்னதே, ஆதாரம் இல்லையென்று லீக் தள்ளியதே, அதேதான். டி.வி.யில் முன்னாள் வீரர்கள் இதைப் பற்றி என்ன பேசினார்களோ, எனக்குத் தெரிந்து இந்தப் பட்டறைக்கு மேல் அதைப் பேசத் தகுதியான இடம் தமிழ்நாட்டிலேயே கிடையாது. துணியும் கெமிக்கலும்தான் இவர்கள் பிழைப்பே.

"துண்டுல கெமிக்கல் இருந்தா மொதல்ல துடைக்கிறவன் கையில தெரியும். இந்தா பாருங்க" என்று மாமா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். முழங்கை வரை ஊதா.

"அந்தத் துண்டு எல்லா டீமுக்கும் அசோசியேஷனே குடுத்த துண்டுய்யா!" தட்.

"சரி விடுங்க, ஒம்பது விக்கெட்ல தோத்தவன் துண்டைச் சொல்லாம வேற எதைச் சொல்லுவான்" என்றார் முதலாளி. மடிக்கிற மாப்பிள்ளை ஒரு சேலையைத் தப்பாக மடித்துவிட்டு மறுபடி பிரித்தார்.

பின்கட்டுக்கு வாருங்கள், அங்கே இன்னும் ருசி. கஞ்சித் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள். சேலையைக் கஞ்சியில் முக்கி, பிழிந்து, ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறுகிறார்கள். முகத்தில் தெறிக்கிறது, எனக்கும்தான். இவர்கள் விவாதத்தில் கலந்துகொள்ள மாட்டார்கள், தீர்ப்பு மட்டும் சொல்வார்கள். மூத்தவர் எல்லோருக்கும் அக்கா.

"அக்கா, நாளைக்கு யாரு?"

"திருப்பூருதான்."

முன்கட்டில் தட்டுச் சத்தமே நின்றுவிட்டது. அந்தப் பகல் முழுக்க அது நின்றது அந்த ஒரு தரம்தான்.

"ஏன்க்கா இப்படி வாய வைக்கிறீங்க?"

"லீக்ல அவங்ககூட மோதுனப்ப எத்தன அடிச்சாங்க? 93. மாமா, நோட்டுல இருக்கா இல்லையா?"

இருந்தது. ஜூன் 8, கோயம்புத்தூர். 93-க்கு ஆல் அவுட், திருப்பூர் ஒன்பது விக்கெட்டில் ஜெயித்தது. திருப்பூரின் சாய் கிஷோர் பந்தில் எல்.பி.டபிள்யூ. கொடுக்கப்பட்டு அஸ்வின் கோபத்தில் பேட்டால் காலில் அடித்துக்கொண்டு போய், ஆட்டச் சம்பளத்தில் 30 சதவீதம் அபராதம் கட்டினாரே, அந்த ஆட்டம். பந்து லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்தியது என்று அச்சுக்கட்டை இளவட்டம் செல்போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். திரையெல்லாம் மெழுகு, ஒன்றும் தெரியவில்லை.

"அம்பயரா நின்னது ஒரு பொம்பளப் புள்ள. அது குடுத்தா குடுத்ததுதான்" என்று அக்கா சேலையை உதறினார். "நாங்க ஒரு சேலைக்குக் கஞ்சி பத்தலைன்னு சொன்னா நீங்க ஒத்துக்கிறீங்களா? அதே கததான்."

முதலாளி ஒரு பக்கம், அக்கா ஒரு பக்கம் என்று பந்தயம் அங்கேயே முடிவானது. டிராகன்ஸ் ஜெயித்தால் அக்கா எல்லோருக்கும் டீ, வடை. திருப்பூர் ஜெயித்தால் முதலாளி பிரியாணி. சமமில்லாத பந்தயம் என்று எனக்குப் பட்டது, சொன்னேன். "எங்க கூலி மட்டும் சமமாவா இருக்கு" என்றார் இளையவர், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

டீ வந்தது. ஆளுக்கு ஒரு ஆரூடம் நோட்டில் ஏறியது. அச்சுக்கட்டை: அஸ்வின் அரை சதம், டிராகன்ஸ் 180. மாமா: விமல் குமார்தான் ஹீரோ. காரணம், நேற்று ராத்திரி சேப்பாக்கோடு நடந்த குவாலிஃபையர். லீக்கில் ஏழுக்கு ஏழும் ஜெயித்து வந்த சேப்பாக்கை, 17-வது ஓவரில் 34 ரன் விளாசி வீட்டுக்கு அனுப்பியவர் அவர். அந்த ஓவரை மாமா பந்து பந்தாகச் சொன்னார். ஒரு ஃபோர், அப்புறம் ஆறு, ஆறு, ஆறு, ஆறு, ஆறு. ஒவ்வொரு ஆறுக்கும் சாயக் கோலால் தொட்டியில் ஒரு அடி. என் பேன்ட்டில் இப்போதும் மூன்று புள்ளி இருக்கிறது, சுங்குடி மாதிரியே.

மதுரை மாப்பிள்ளை மட்டும் திருப்பூரின் துஷார் ரஹேஜா பெயரைச் சொன்னார். "நானூறு ரன்னைத் தாண்டி நிக்கிறான், அவனை எடுக்காட்டி உங்க நோட்டை மூடிட வேண்டியதுதான்." நியாயமான பேச்சு. ஆனால் சொன்ன ஆள் மதுரை என்பதால் மாமா எழுத மறுத்துவிட்டார். நான் கெஞ்சிக் கேட்ட பிறகு பக்கத்தின் ஓரத்தில், ரொம்பச் சின்ன எழுத்தில் ஏற்றினார்.

ஐந்து மணிக்குக் கூலிப் பட்டுவாடா. சனிக்கிழமை அல்லவா! அதே நோட்டு மறுபடி முன்பக்கமாகத் திரும்பியது. பெயர் கூப்பிட, கையெழுத்துப் போட, ரூபாயை எண்ணி முந்தானையிலும் டவுசர் பையிலும் முடிய, வீட்டுக் கடன், சீட்டு, மளிகை என்று பேச்சு திசை மாறியது. ஆண்களில் பாதிப் பேர் நாளை நத்தம் போகிறார்கள். திண்டுக்கல் போய் அங்கிருந்து பஸ் மாற வேண்டும். திரும்ப நடு ராத்திரிக்கு மேல் ஆகும், வண்டி கிடைக்குமா என்பதுதான் கவலை. ரன் ரேட் எல்லாம் அதற்கப்புறம்.

ஞாயிறு ராத்திரி நடந்தது இதுதான். திருப்பூர் 220. துஷார் ரஹேஜா 77, அமித் சாத்விக் 65. திண்டுக்கல் 15 ஓவர் கூட நிற்கவில்லை, 102-க்கு எல்லாம் முடிந்தது. அஸ்வின் ஒரே ஒரு ரன். 118 ரன் வித்தியாசத்தில் திருப்பூருக்கு முதல் கோப்பை.

திங்கட்கிழமை காலையில் போகாமல் இருக்க முடியுமா? போனேன். அச்சுக்கட்டைக்காரர் கண்கள் சிவந்து தூங்கி வழிந்துகொண்டே தட்டினார். மாமாவின் நோட்டில் ஃபைனல் பக்கம் காலி. "இன்னும் எழுதல, பென்சில் முனை ஒடிஞ்சிருச்சு." மதுரை மாப்பிள்ளைக்கு அன்றைக்கு டீ முதலிலேயே வந்தது, சூடாக. அவர் அதை ஒவ்வொரு வாயாகக் குடித்த அழகு இருக்கிறதே!

"பனியன்காரங்க சேலைக்காரங்களை முந்திட்டாங்களேக்கா" என்று முதலாளி சமாதானத்துக்கு வந்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும், பிரியாணி எங்க?"

"வாங்கிருவோம். இங்கயே பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துல..."

"பஸ் ஸ்டாண்டா? திண்டுக்கல்லுக்குப் போயி வாங்குங்க. சீரகச் சம்பா. மட்டன்."

"சிக்கன்னு வச்சுக்குவோம்க்கா."

"102 அடிச்சதுக்குச் சிக்கன். 93-க்கு யாரு குடுக்கிறது? ரெண்டுக்கும் சேத்து மட்டன்."

முதலாளி மாமாவைப் பார்த்தார், மாமா கூரையைப் பார்த்தார். அக்காவோ ஆளுக்கு எத்தனை பீஸ் என்ற கணக்குக்கு அதற்குள் போய்விட்டார்.