தண்ணீர்த் தொட்டியின் இரும்புக் கால்கள்

பாப்பாரப்பட்டி வட்டாரத்தில் சொட்டு நீர்த் தோட்டங்களிலும் சாயச் சாலைகளிலும் நான்கு இரும்புக் குழாய்க் கால்களின்மேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளைத் தணிக்கைக்குச் செல்லுங்கால் காண்கிறோம். "கால் எவ்வளவு பாரம் தாங்கும்?" என்றே அங்கத்தினர்கள் வினவுகின்றனர். அது பாதி வினாவே.

தொட்டியின் எடை காலை நேராக அழுத்துகிறது; காற்று அதனைப் பக்கவாட்டில் வளைக்கிறது. வளையும் காலின் ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். எடையின் அமுக்கமும் வளைவின் அமுக்கமும் ஒன்றுசேரும் பக்கத்தில்தான் ஆபத்து.

ஒரு கணக்குப் பார்ப்போம். 5,000 லிட்டர் தொட்டி, மேடையுடன் 5,600 கிலோ. கால் ஒன்றுக்கு 1,400. காலின் உயரம் 3 மீட்டர், இடைவெளி 1.5 மீட்டர். காற்று 4 மீட்டர் உயரத்தில் 240 கிலோ விசையுடன் தள்ளுவதாகக் கொள்வோம். அத்தள்ளுதல் எதிர்ப்பக்கக் கால்களில் தலா 320 கிலோ ஏற்ற, பாரம் 1,720 ஆகும். குழாய் 89 மி.மீ. விட்டம், 4 மி.மீ. கனம், பரப்பு 10.7 ச.செ.மீ. எனவே நேர் அமுக்கம் ச.செ.மீ.க்கு 161 கிலோ. தலைப்பில் மட்டும் பற்றவைத்து, அடியில் சும்மா நிறுத்திய காலானால், 60 கிலோவை 300 செ.மீ.யால் பெருக்கி, குழாயின் வளைவெதிர்ப்பு எண் 21.7ஆல் வகுக்க, வளைவால் வருவது 830.

இந்தியத் தரம் 800இன் 1984ஆம் ஆண்டுப் பதிப்புப்படி வளைவுக்கு ஏறத்தாழ 1,650 வரை இடமுண்டு. ஆனால் குறுக்குக் கம்பியற்ற இந்த ஒல்லிக் கால் நெளிந்துவிடுமாதலால், நேர் அமுக்கத்துக்கு 280தான். முதலாவது 0.58, இரண்டாவது 0.50. தனித்தனியே பார்த்தால் இரண்டும் தேறும், கூட்டினால் 1.08. ஒன்றைத் தாண்டலாகாது. காற்றுக்கென அந்நூல் மூன்றிலொரு பங்கு சலுகை தருகிறதே எனலாம். சாய்ந்த காலின்மேல் எடை விலகி நின்று வளைவைப் பெருக்குமாதலால், அச்சலுகை அதற்கே போதாது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பு முறையை மாற்றியபோதும், பின்னங்களைக் கூட்டும் கருத்தைக் கைவிடவில்லை.

பருத்த குழாய் வாங்க வேண்டியதில்லை. நான்கு முகங்களிலும் பெருக்கல் குறியாகக் குறுக்குக் கம்பி பற்றவைத்தால் வளைவு பெரும்பாலும் ஒழியும். நேர் அமுக்க வரம்பும் 800 வரை உயரும். அதே குழாய் 0.20இல் நிற்கும்.

கிணறு வற்றிய கோடையில் தொட்டி காலியாயிருக்க, திடீர்க் காற்றும் அப்பொழுதே வருகிறது. காலித் தொட்டியின் எடையில் கால் ஒன்றுக்கு 150 கிலோவே. காற்று 320 கிலோ தூக்கும். காற்று வீசும் பக்கத்துக் கால்கள் தரையைவிட்டு எழும். ஆகவே ஒவ்வொரு காலும் 170 கிலோ இழுப்பைத் தாங்குமாறு அடித்தகடு கான்கிரீட்டில் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டுள்ளதா என்று பங்குனிக்குள் பார்த்துவிடுக.