பார்வை குன்றிய பூனைக்குப் புது இடம்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பகுதிகளில் மாட்டுக் கொட்டகையிலும் மாடிப்படியின் கீழும் கண் ஒட்டிப்போன பூனைக்குட்டிகளைக் காணலாம். பிறவிக் குருடு என்று எண்ணிப் பலர் விட்டுவிடுகின்றனர். பெரும்பாலும் இது தொற்றுநோயால் வருவதே. உடனே மருத்துவம் செய்தால் பல குட்டிகளின் பார்வையைக் காப்பாற்றலாம்.

காரணங்கள்

குட்டிகள் பிறந்து 7 முதல் 14 நாள்களில் கண் திறக்கும். அதன் பிறகும் இமை ஒட்டியிருந்தாலும், அதற்கு முன்பே இமை வீங்கியிருந்தாலும் அது நோய்தான். ஹெர்பிஸ் நச்சுயிரி, கிளமிடியா நுண்ணுயிரி ஆகியவற்றால் தும்மலும் பீளையும் உண்டாகின்றன. ஒட்டிய இமைக்குள் சீழ் தேங்கினால் விழி புண்ணாகிக் கண்ணே கெட்டுவிடும். வயதான பூனைக்கு இரத்த அழுத்தம் மிகுந்து, விழித்திரை பிரிந்து, திடீரெனப் பார்வை போவதும் உண்டு.

உணவுக் குறைவும் ஒரு காரணம். டாரின் என்னும் சத்து குறைந்தால் பூனையின் விழித்திரை அழியும் என்பதை 1975இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு. சோற்றிலும் பருப்பிலும் இல்லை. எனவே தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்ப்பது தவறு. உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்த மீனையோ கோழி இறைச்சியையோ கொடுக்கலாம். வேகும்போது டாரின் நீரில் இறங்குவதால் அந்த நீரையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

முதல் உதவி

பார்வையற்ற பூனையைத் திடீரெனத் தொடக் கூடாது. மெல்லக் குரல் கொடுத்து நெருங்கி, தடித்த துணியைப் போர்த்தி, காற்றோட்டமுள்ள மூடிய கூடையில் வைக்க வேண்டும். கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி வெறிநோய்த் தடுப்பூசி பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும்.

கொதித்து ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை இமைமேல் வைத்து ஊறவிட்டுப் பீளையைத் துடைக்கலாம். ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப் பஞ்சு தேவை. மனிதருக்கான சொட்டு மருந்தை விடக் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் பெரிதாகும். பாரசிட்டமால் பூனைக்குக் கொடிய நஞ்சு. அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் அன்றே காட்ட வேண்டும். கடுமையான நோய்க்கு வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம்.

புது வீட்டில்

பார்வை திரும்பாத பூனையும் மீசை முடி, செவி, மோப்பம் ஆகியவற்றால் நன்கு வாழும். அதற்கு வேண்டியது மாறாத இடம். முதல் வாரம் ஒரே அறையில் வைத்து, உணவு, தண்ணீர், மணல் தட்டு ஆகியவற்றை இடம் மாற்றாமல் வைக்க வேண்டும். பழகிய பின் அடுத்த அறையைத் திறந்துவிடலாம். கிணறு, தண்ணீர்த் தொட்டி, மாடிப் பலகணி ஆகியவற்றை அடைப்பது அவசியம். முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற, 2015 டிசம்பரில் வெள்ளம் சூழ்ந்த இடங்களில் மழை நாள்களில் மேல்தளத்தில் வைப்பது நல்லது.

வளர்க்கக் கொடுக்கும் முன் தடுப்பூசியும் கருத்தடையும் செய்வித்து, பார்வைக் குறையை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். படுத்துப் பழகிய சாக்கையும் உடன் அனுப்பினால் பூனை விரைவில் அமைதியடையும். ஒத்துவராவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்வதாக முன்பே பேசிக்கொள்வது நலம். பசி, தாகத்தால் வாடும்படி வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டப்படி குற்றமாகும்.