கடைக் கைப்பேசிக்கும் மாதம் ஒரு முறை பரிசோதனை தேவை

பிரிக்பீல்ட்சிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பல கடைகளில் ஆர்டர் எடுப்பதும் கியூஆர் வழி வந்த பணத்தைச் சரிபார்ப்பதும் இப்போது கைப்பேசியில்தான். தோட்ட அலுவலகத்திலும் தொழிலாளர்களின் அடையாளக் கார்டு எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கிராணியின் வாட்ஸ்அப்பில் கிடப்பதுண்டு. லாரியைத் தேதி பார்த்து சர்வீசுக்கு அனுப்பும் முதலாளிகள்கூட இந்தக் கைப்பேசியைக் கவனிப்பதில்லை.

திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு நம் நாட்டில் பலரை ஏமாற்றியிருக்கிறது. அதைத் திறந்து பதிவிறக்கினால், குறுஞ்செய்திகளைப் படிக்க ஒரு செயலி அனுமதி கேட்கும். அனுமதித்துவிட்டால் வங்கி அனுப்பும் டேக் எண் மோசடிக்காரர்களுக்குப் போய்விடும். இத்தகைய மோசடிகளைத் தடுக்கவே, குறுஞ்செய்தி வழி டேக் எண் அனுப்புவதைப் படிப்படியாகக் கைவிடும்படி 2022இல் பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டது.

மாதந்தோறும் பார்க்க வேண்டியவை:

1. எந்தக் கைப்பேசி யாரிடம் இருக்கிறது, அதில் என்னென்ன விவரங்கள் உள்ளன என்ற பட்டியல். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் குறித்து வையுங்கள்.

2. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுள்ளதா? தயாரிப்பாளர் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பழைய கைப்பேசியில் வங்கி வேலை வேண்டாம்.

3. அறியாத செயலி ஏதும் உள்ளதா? குறுஞ்செய்தி படிக்கும் அனுமதி எதற்கெல்லாம் கொடுக்கப்பட்டுள்ளது?

4. வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் தெரியாத கணினி இருக்கிறதா?

5. வேலையை விட்டுச் சென்றவர் இன்னும் குழுவிலோ கணக்கிலோ இருக்கிறாரா?

ஊழியரின் சொந்தக் கைப்பேசி என்றால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேலை தொடர்பானதை மட்டும் பாருங்கள். அவருடைய படங்களும் உரையாடல்களும் முதலாளிக்கு உரியவை அல்ல.

பட்டியலுக்குச் சட்டக் காரணமும் உண்டு. 2025 ஜூன் 1 முதல், தனிநபர் தரவு கசிந்து கணிசமான பாதிப்பு நேரக்கூடும் என்றால், 72 மணி நேரத்திற்குள் தனிநபர் தரவு பாதுகாப்பு ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும். தவறினால் 250,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தொலைந்த கைப்பேசியில் என்ன இருந்தது என்றே தெரியாதவர் எதைப் புகார் செய்வார்?

பணம் போனதாகத் தெரிந்தால் உடனே அந்தக் கைப்பேசியின் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். வேறு கைப்பேசியிலிருந்து வங்கியையோ 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தையோ அழையுங்கள். பணம் கைமாறுவதற்குள் கணக்கை முடக்க அதுதான் வழி.