ஈரமும் தரைப்பூச்சும்

கடலூரிலிருந்து குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாக நெய்வேலிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள ஊர் குள்ளஞ்சாவடி. 'சாவடி' என்னும் சொல் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடத்தைக் குறிக்கும். கிழக்கே வங்கக்கடல், மேற்கே பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள், இடையே செம்மண் நிலத்தில் முந்திரித் தோப்புகள் என விரியும் பகுதி இது. கோடையில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தொடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை நிலத்தை ஊறச் செய்கிறது. மழையில்லாத நாள்களிலும் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வருகிறது.

இத்தகைய நிலத்தில் வீடோ, முந்திரி உடைக்கும் கொட்டகையோ கட்டுவோர் இறுதியில் எதிர்கொள்ளும் வினா, தரைக்கு எந்தப் பூச்சு ஏற்றது என்பதாகும். கடன் வாங்கிப் பூசிய பளபளப்பான தரை, முதல் மழைக்காலம் முடிவதற்குள் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிந்துவிடுவது உண்டு. பூச்சு தரமற்றது என்று பலரும் முடிவுகட்டிவிடுகின்றனர். உரிந்த ஏட்டைத் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் உண்மை விளங்கும். அதன் அடிப்புறம் நனைந்திருக்கும். மேலே நடக்கும் காலடிகளைத் தாங்கிய பூச்சு, கீழிருந்து ஏறிய ஈரத்தைத் தாங்கவில்லை.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாமலே அதற்கு வெளியே வாழ்ந்தனர் எனலாம். சாணத்தால் மெழுகிய மண்தரை, ஈரத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை. மண்ணிலிருந்து ஏறும் ஈரம் ஆவியாகி வெளியேற அது வழிவிடுகிறது. தேய்ந்த இடத்தை அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் மெழுகிக்கொண்டனர். பின்னர் வந்த சிவப்புச் சிமெண்டுத் தரையும் பூச்சு எனத் தகாது. சிமெண்டுடன் இரும்பு ஆக்சைடுத் தூளைக் கலந்து, அடித்தளம் பச்சையாக இருக்கும்போதே மேலே பரப்பிக் கரணையால் தேய்த்து இழைத்த மேல்தளம் அது. அடித்தளமும் மேல்தளமும் ஒரே பொருளாக இறுகிவிடுவதால் உரிவதற்கு அங்கே தனி ஏடு இல்லை. சிவகங்கை மாவட்டத்து ஆத்தங்குடிக் கற்களும் இவ்வகையைச் சார்ந்தவையே. கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு, சூளையில் சுடாமல் நீரில் ஊறவைத்து இறுகச்செய்கின்றனர். அவற்றின் மெருகு, மக்கள் நடந்து நடந்து ஏறுவது. ஐம்பது ஆண்டு கடந்த சிவப்புத் தரைகள் இன்றும் பல வீடுகளில் இருக்க, சென்ற ஆண்டு பூசிய வண்ணப்பூச்சு உரிவது ஏன் என்று கேட்பது நியாயமே.

விடை கான்கிரீட் எனப்படும் கற்காரையின் உள்ளே இருக்கிறது. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று முழுமையாக வினைபுரிய ஏறத்தாழ 12 லிட்டர் நீர் போதும். ஆனால் அவ்வளவே ஊற்றினால் கலவை குழையாது, கரணைக்கு இணங்காது. எனவே 25 லிட்டர், சில இடங்களில் அதற்கும் மேல் ஊற்றுகின்றனர். வினையில் பங்கு பெறாத மிகுதி நீர், கண்ணுக்குத் தெரியாத நுண்புழைகளில் தங்கி, மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. அது சென்ற வழியெல்லாம் துளைகளாக எஞ்சுகிறது. மழைக்காலத்தில் அடிமண்ணின் ஈரம் அதே துளைகளின் வழியே மேலேறுகிறது. திரியில் எண்ணெய் ஏறுவதும் இவ்வாறே.

இருபத்தெட்டு நாள் நீராற்றினால் தளம் ஆயத்தமாகிவிட்டது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அந்த இருபத்தெட்டு நாள் வலிமைக்கான கணக்கு. உலர்தலுக்கான கணக்கு வேறு. நல்ல உலர் காற்று கிடைக்கும்போதுகூட ஓர் அங்குலக் கனம் உலர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடத் தொழிலில் வழங்கும் பொதுக்கணிப்பு. நான்கு அங்குலத் தளத்திற்கு நான்கு மாதம். கடற்காற்று வீசும் மாவட்டத்தில் இது மேலும் நீளும்.

நீருடன் காரமும் ஏறிவருகிறது. புதிய கற்காரையின் காரத்தன்மை எண் 12-க்கும் மேலே இருக்கும். கதவுக்கும் சன்னலுக்கும் அடிக்கும் எண்ணெய்வழி எனாமல் வண்ணத்தைத் தரைக்கும் அடித்துவிடுவோர் உண்டு. ஈரத்தில் கரைந்த காரம் அவ்வண்ணத்தின் எண்ணெயோடு சேர்ந்தால் நிகழ்வது, வேதியியல் பாடத்தில் மாணவர் படிக்கும் சோப்பாதல் வினையே. வண்ணம் பிசுபிசுத்து, வழுவழுத்து, கையோடு வந்துவிடும். குளியல் சோப்பை உருவாக்கும் வினை தரையில் நிகழ்வதை யாரும் விரும்பமாட்டார்கள். எனவே மலிவாயிருப்பினும் எனாமல் தரைக்கு ஆகாது.

இன்று ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் மிகுதியாகப் பயன்படுவது எப்பாக்சி. சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டானும் அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீயும் தனித்தனியே உருவாக்கி, 1940-களில் தொழிலுக்கு வந்த பிசின் இது. பிசின் ஒரு கலத்திலும் கடினமாக்கி மற்றொரு கலத்திலும் வரும். கலந்தவுடன் வினை தொடங்கிவிடும். வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால், கலவை கையாளத்தக்க நிலையில் இருக்கும் நேரம் ஏறத்தாழப் பாதியாகும். சித்திரை நண்பகலில் வாளி நிறையக் கலந்து வைத்த தொழிலாளி, பாதித் தரையைப் பூசுவதற்குள் மீதி வாளியிலேயே கல்லாகிவிடுவதைக் காண்பார். காற்றில் ஈரம் மிகுந்தால் வேறொரு தொல்லை. கடினமாக்கியிலுள்ள அமீன், காற்றின் ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து, மேற்பரப்பில் வெண்மையான பிசுக்குப் படலத்தை உண்டாக்கும். அதைக் கழுவாமல் அடுத்த பூச்சை இட்டால் இரண்டும் ஒட்டா. வெயில் படும் இடத்தில் புறஊதாக் கதிரால் எப்பாக்சி மஞ்சளித்துப் பொடியும். ஆகவே முந்திரி காயவைக்கும் திறந்தவெளிக் களத்திற்கு அது சிறிதும் பொருந்தாது.

எப்பாக்சி நீராவியை வெளியே விடாத இறுக்கமான ஏடு. கீழிருந்து ஏறும் ஈரம் அதன் அடியில் தேங்குகிறது. கரைந்த உப்புகளும் காரமும் அங்கே செறிகின்றன. செறிவு மிகுந்த இடத்தை நோக்கி மேலும் நீர் ஈர்க்கப்படுகிறது. உயிரியலில் படிக்கும் சவ்வூடு பரவலே இங்கும் நிகழ்கிறது. அழுத்தம் ஏறி ஏடு கொப்புளிக்கிறது.

இச்சிக்கலுக்கான தீர்வுகளுள் ஒன்று இவ்வட்டாரத்து முந்திரிக்கொட்டையின் ஓட்டுக்குள்ளேயே இருக்கிறது. போர்த்துகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த முந்திரி, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பகுதிகளின் வாழ்வாதாரமாக ஆயிற்று. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் இம்மரங்களைப் பெருமளவில் சாய்த்தபோது, இங்குள்ள குடும்பங்கள் இழந்தவை பல ஆண்டு உழைப்பின் பயன்கள். முந்திரிக்கொட்டையின் ஓட்டில் தோலைப் பொசுக்கும் கரிய எண்ணெய் உண்டு. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களில் கருத்துப்போன தழும்புகளாகப் பதிவது அவ்வெண்ணெயே. அதைச் சூடாக்கினால் கார்டனால் என்னும் பொருள் கிடைக்கிறது. இது பினால் வகையைச் சார்ந்தது. பதினைந்து கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட வால் உடையது. இக்கார்டனாலை ஃபார்மால்டிஹைடோடும் அமீனோடும் சேர்த்து, மானிக் வினை எனப்படும் முறையில் உருவாக்கும் கடினமாக்கிக்குப் பினால்கமீன் என்று பெயர். அந்த நீண்ட வால் நீரை வெறுக்கும் இயல்புடையது. ஆதலால் பினால்கமீன் சேர்ந்த எப்பாக்சி, சற்று ஈரமான பரப்பிலும் பற்றிக்கொண்டு இறுகும், வெண்பிசுக்கும் குறைவு. கப்பல்களுக்கான பூச்சுகளில் அது விரும்பிப் பயன்படுத்தப்படுகிறது. பழுப்பு நிறம் ஏறும் என்பதால் வெளிர்நிற மேற்பூச்சுக்கு ஏற்றதன்று. அடிப்பூச்சாக இட்டு, மேலே வேறொன்றைப் பூசலாம். விரலைச் சுடும் பொருளென்று மட்டுமே அப்பெண்கள் அறிந்த எண்ணெய், தொலைதூர ஆலைகளில் உயர்விலைப் பொருளாகிறது. அவ்விலையில் அவர்களுக்குரிய பங்கு எவ்வளவு என்பது வேதியியலுக்கு அப்பாற்பட்ட கேள்வி.

எனினும் பினால்கமீனும் ஓரளவு ஈரத்தையே பொறுக்கும். மண்ணிலிருந்து இடைவிடாது ஏறும் நீராவியைத் தடுத்துவிடும் என எதிர்பார்க்கலாகாது. அத்தகைய தரைக்கு மூச்சுவிடும் வகைகளே ஏற்றவை. சிலிகேட் கரைசல் அவற்றுள் ஒன்று. அது ஏடாகப் படியாமல், கற்காரையிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடோடு வினைபுரிந்து நுண்புழைகளுக்குள் கெட்டியாகிறது. பிறகு இயந்திரத்தால் தேய்த்து மெருகேற்றலாம். சிவப்புச் சிமெண்டுத் தரையின் வழியில் வந்த இன்றைய உறவு என்றே இதனைக் கூறலாம். அமிலத்தன்மையுள்ள கறை பட்டால் அரிக்கப்படும் என்பது இதன் குறை. கொதிநீர், எண்ணெய், ஓயாத கழுவல் ஆகியவற்றைத் தாங்கவேண்டிய உணவுப்பொருள் கூடங்களில் சிமெண்டு கலந்த பாலியூரித்தேன் தளத்தை ஆறு முதல் ஒன்பது மில்லிமீட்டர் கனத்தில் இடுகின்றனர். ஈரத்தையும் வெப்ப அதிர்ச்சியையும் ஒருங்கே தாங்கவல்லது அது, செலவு மிகுதி. அக்ரிலிக் பூச்சு மலிவானது, ஆவியை விடுவது, விரைவில் தேய்வது.

புதிதாகத் தளம் இடுவோருக்கு இவ்வளவு இடர்ப்பாடு வேண்டியதில்லை. கற்காரை கொட்டுமுன் மண்ணின்மேல் தடித்த பாலித்தீன் விரிப்பைக் கிழியாமல் பரப்பிவிட்டால் அடிமண் ஈரம் அங்கேயே நின்றுவிடும். பின்னாளில் எந்தப் பூச்சு வாங்கினாலும் ஈடுசெய்ய முடியாத இவ்வேலைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. சிக்கனம் என்ற பெயரில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே. நெய்வேலியில் 1956-இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்று, 1962-இல் முதல் அனல்மின் அலகு இயங்கத் தொடங்கியது. அங்குக் கழிவாகும் உலைச்சாம்பலும் இங்குத் துணைசெய்யும். சிமெண்டோடு அளவாகக் கலந்தால் அது மிகுதிச் சுண்ணாம்போடு வினைபுரிந்து துளைகளை அடைக்கிறது. நீர் புகுவது குறைகிறது.

பழைய தரைக்குப் பூச்சு இடுமுன் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பதினெட்டு அங்குலச் சதுரமான தெளிந்த நெகிழித்தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாமல் ஒட்டிவிடவேண்டும். குறைந்தது பதினாறு மணி நேரம் கழித்துப் பிரித்தால், தாளின் அடியில் நீர்த்துளிகள் இருப்பினும் தரை கருத்திருப்பினும் ஈரம் கீழிருந்து வருகிறது எனத் தெளியலாம். தாளின் மேற்புறம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றிலிருந்து படிந்த வியர்வை. அதற்குக் காற்றோட்டமே மருந்து. இச்சோதனையைச் சித்திரையில் செய்து மனநிறைவு அடைவது ஏமாற்றத்தில் முடியும். அடிமண் வறண்டிருக்கும் காலத்தில் எந்தத் தரையும் உலர்ந்ததாகவே காட்டும். மழைக்காலம் முடியும் தறுவாயில், மார்கழியில் ஒட்டிப் பார்ப்பதே மெய்யைக் காட்டும்.

சோதனை மார்கழியில் எனில், பூசுவது மாசி, பங்குனியில். அதுவும் காலையில் அன்று. வெயில் ஏற ஏறத் தரைக்குள் அடைபட்ட காற்று விரிந்து, இறுகாத பூச்சைத் துளைத்துக் குமிழிகளாக வெளிவரும். மாலையில் தரை குளிரத் தொடங்கும்போது துளைகள் பூச்சை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆனால் இரவு வரை நீட்டிக்கவும் கூடாது. தரையின் வெப்பநிலை, காற்றின் ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலையைவிட மூன்று டிகிரியேனும் மேலே இருக்கவேண்டும். கொட்டகைத் தரையாயின், மேற்பூச்சு காயுமுன் மெல்லிய ஆற்று மணலைத் தூவிவிடுவது நன்று. எண்ணெய் சிந்திய தரையில் வெறுங்காலோடு கூடை சுமந்து நடப்போர் வழுக்கி விழாதிருக்க அந்தச் சொரசொரப்பே உதவும்.