பம்பருக்குப் பின்னால் என்ன நடக்குது?

சிக்னலில் முன்னால் நின்ற காரை லேசாக இடித்துவிட்டீர்கள். தப்பு உங்கள் மேல்தான். இன்சூரன்ஸ் க்ளெய்ம் கிடைக்குமா? கிடைக்கும்! காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் சொந்தக் காரின் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதி, தப்பு யாருடையது என்று பார்ப்பதே இல்லை. ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். அவர் குடித்திருக்கக் கூடாது. கார் வொர்க்‌ஷாப்புக்குள் போன பிறகு நடப்பதுதான் நம் கண்ணுக்குத் தெரியாத கதை. வாங்க, உள்ளே எட்டிப் பார்ப்போம்!

“சார், பம்பரைக் கழட்டட்டுமா?”

“இருங்க தம்பி, மொதல்ல போட்டோ.”

இரண்டாவது குரல், சேதத்தை மதிப்பிட வந்த இன்சூரன்ஸ் சர்வேயருடையது. அவர் பார்க்கும் முன் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடக் கூடாது. சேஸிஸ் எண்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுக்கிறார். அடுத்து அடிபட்ட இடத்தின் உயரம், கீறலின் திசை, ஒட்டியிருக்கும் அடுத்த வண்டியின் பெயிண்ட் என ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். துரு ஏறியிருந்தால் அது பழைய அடி! முன்னால் இன்று வாங்கிய இடியும் பின்னால் போன மாதம் வாங்கிய இடியும் ஒரே க்ளெய்மில் சேராது. நடந்ததை நடந்தபடி சொன்னவருக்கு இங்கே பயமே இல்லை. அவர் சொன்னதையேதான் தகரமும் சொல்லும்.

பம்பர் கழன்றதும் உள்ளே உடைந்த பிராக்கெட் தெரிந்தால் எஸ்டிமேட்டில் அதுவும் ஏறும். டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் இதற்குப் பிறகுதான். மாற்றிய பழைய பாகத்தை சர்வீஸ் அட்வைசர் ஓரமாக எடுத்து வைக்கிறார். அதன் மதிப்பும் கணக்கில் வருவதுண்டு.

இப்போது கணக்கு மேசைக்கு வாங்க, எனக்கு மிகவும் பிடித்த இடம்! ஓர் உதாரண பில்: பம்பர் 8,000, பெயிண்டிங் 4,000, லேபர் 1,500. மொத்தம் 13,500 ரூபாய். பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதத் தேய்மானம், 4,000 போச்சு. பெயிண்டிங் கூலியில் கால் பங்கை மெட்டீரியல் என்று எடுத்து, அதில் பாதியைக் கழிப்பார்கள், 500 போச்சு. லேபரில் கைவைப்பதில்லை. 1,500 சிசி வரையிலான கார் என்றால் கட்டாயக் கழிவு 1,000. கையில் வருவது 8,000 ரூபாய். ‘ஜீரோ டெப்’ எடுத்திருந்தால் தேய்மானம் கிடையாது, 12,500 வரும்.

சந்தோஷப்படுவதற்கு முன் ‘நோ க்ளெய்ம் போனஸை’ப் பாருங்கள். க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு 20, 25, 35, 45, 50 சதவீதம் என ஏறும் தள்ளுபடி அது. ஒரே ஒரு க்ளெய்ம் போதும், அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யம்! 50-இல் இருந்தவர் மறுபடி 50-ஐத் தொடுவதற்குள் ஐந்து புதுப்பித்தல்களில் இழப்பது 50, 30, 25, 15, 5. கூட்டினால் 125 சதவீதம். ஓன் டேமேஜ் பிரீமியம் 12,000 என்று அப்படியே இருந்தால், 15,000 ரூபாய்! 8,000 வாங்க 15,000 கொடுக்கிறோம். ஜீரோ டெப் இருந்தும்கூட நஷ்டம்தான். போனஸைக் காக்கும் கூடுதல் கவர் எடுத்தவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். பானெட், ஹெட்லைட், ரேடியேட்டர் என்று செலவு பெரிதானால் யாரும் யோசிக்கவே வேண்டாம், க்ளெய்ம்தான்.

அடுத்த காரின் சேதம்? அது மூன்றாம் நபர் பொறுப்பு, தனிக்கணக்கு. நடுரோட்டில் “முழுச் செலவும் நான் தர்றேன்” என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஏற்கக் கூடாது என்பது பாலிசியின் நிபந்தனை. நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், பெயரும் எண்ணும் வாங்கிக்கொள்ளுங்கள், நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.

பிறகு வொர்க்‌ஷாப்பில் எஸ்டிமேட் கேளுங்கள், பாலிசியில் போனஸ் சதவீதத்தைப் பாருங்கள், ஒரு காகிதத்தில் கூட்டிக் கழியுங்கள். கையெழுத்தை அதற்கப்புறம் போடுங்கள்.