சிலிக்கான் தகட்டை ஏன் 7 பாகை சாய்க்கிறார்கள்?

சில்லு ஆலையில் சிலிக்கான் தகட்டுக்குள் போரான் அயனிகளைச் செலுத்தும்போது, தகட்டை வழக்கமாகச் சுமார் 7 பாகை சாய்த்து வைப்பார்கள். நேராக வைத்தால் சில அயனிகள் கணக்கை மீறி ஆழத்துக்குப் போய்விடும்.

ஏன்? படிகத்தில் அணுக்கள் தென்னந்தோப்பு மரங்களைப் போல வரிசைகட்டி நிற்கின்றன; சரியான திசையில் நுழைந்தால் நீண்ட பாதைகள் திறந்துகிடக்கும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ராபின்சனும் ஓயெனும் செய்த கணினிக் கணக்கில் இது தென்பட்டது. அதற்குத் தெளிவான கோட்பாடு தந்தவர் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக இயற்பியலாளர் யென்ஸ் லிண்ட்ஹார்ட். அயனி எவ்வளவு ஆழம் போகும் என்ற கணக்கை 1963இல் ஷார்ஃப், ஷியாட் ஆகியோருடன் வெளியிட்டவரும் அவரே.

1965இல் அவர் சொன்னது எளிமையானது, அழகானது. அயனி ஒவ்வோர் அணுவையும் தனித்தனியே சந்திப்பதில்லை. வரிசை முழுவதும் ஒரே நேர்மின்னேற்றக் கோடாக நின்று, சின்னச் சின்ன விலக்கல்களால் அதை நடுப்பாதைக்கே திருப்புகிறது. நுழையும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால்தான் நேர்மோதல்.

ஆலை தவிர்க்கும் இதே விளைவு ஆய்வகத்தில் அருமையான அளவுகோல். ஹீலியம் அயனிக் கற்றையைப் படிக அச்சோடு நேர்ப்படுத்தினால், பின்னோக்கிச் சிதறும் அயனிகள் சில விழுக்காடாகக் குறைந்துவிடும். இடம்பெயர்ந்த அணுக்கள் பாதையில் நின்றால் எண்ணிக்கை ஏறும். அந்த ஏற்றமே படிகச் சேதத்தின் அளவு.