பழைய கேம் பாய்க்கு லேசரில் பேர் வெட்டலாமா? கை வைக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்!

எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பேர் வெட்டி வாங்குவது நம் வீட்டுப் பழக்கம். யார் கொடுத்தது, என்ன விசேஷம், என்ன தேதி என்று குடத்திலும் தட்டிலும் எழுதியிருக்கும். அதே ஆசை இப்போது வீடியோ கேம் பக்கமும் வந்துவிட்டது. நிண்டெண்டோவின் கேம் பாய் போன்ற பழைய கையடக்க கேம் கருவிகளைத் தேடி வாங்கி, பழுது பார்த்து, அதன் மேல் லேசரால் பேரோ படமோ பொறித்துக்கொள்வது பல நாடுகளில் சுவாரஸ்யமான பொழுதுபோக்காக இருக்கிறது.

பாத்திரத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாகப் போனால் நஷ்டம் இல்லை. கேம் பாய் விஷயம் அப்படியில்லை. அந்த ஒரிஜினல் உடலை நிண்டெண்டோ இப்போது தயாரிப்பதில்லை. லேசர் போட்ட கோட்டை அழிக்க ரப்பரும் கிடையாது. அதனால் என்ன பொறிப்பது என்பதைவிட, எதன் மேல் பொறிப்பது என்பதுதான் இங்கே முக்கியமான கேள்வி.

அப்படி என்ன இருக்கிறது இந்த சாம்பல் டப்பாவில்?

1989 ஏப்ரல் 21-ம் தேதி ஜப்பானில் கேம் பாய் விற்பனைக்கு வந்தது. குன்பே யோகோய் தலைமையிலான நிண்டெண்டோ குழு உருவாக்கியது. நன்கு பழகிப்போன, விலை குறைந்த தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்பது யோகோயின் கொள்கை. அதனால்தான் கேம் பாயில் கலர் இல்லை, ஸ்கிரீனுக்குப் பின்னால் விளக்கும் இல்லை. 160-க்கு 144 புள்ளிகள், நான்கே நிறச் சாயல்கள். அவ்வளவுதான்!

அதே காலத்தில் அடாரி லிங்க்ஸ், சேகா கேம் கியர் என்று கலர் ஸ்கிரீனோடு போட்டியாளர்கள் வந்தார்கள். ஆனால், அவை ஆறு பேட்டரிகளைச் சில மணி நேரத்தில் தின்று தீர்த்தன. கேம் பாய்க்கு நான்கு பேட்டரி போட்டால் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். கூடவே டெட்ரிஸ் விளையாட்டும் சேர்ந்துகொள்ள, பிறகு வந்த கேம் பாய் கலரையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது. நம் ஊர் 90ஸ் கிட்ஸ் கையில் தவழ்ந்த 'பிரிக் கேம்' நினைவிருக்கிறதா? அதில் மேலிருந்து விழுந்த கட்டைகளும் டெட்ரிஸின் வழி வந்தவைதான்.

கோடிக்கணக்கில் ஒரே மாதிரி தயாரான பொருள் என்பதால், 'என்னுடையது மட்டும் தனியாகத் தெரிய வேண்டும்' என்ற ஆசையும் கூடவே வந்தது. 1995-ல் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பல நிறங்களிலும், உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடி போன்ற உடலிலும் நிண்டெண்டோவே கேம் பாயை வெளியிட்டது. இன்றைய லேசர் மோகம் அந்த ஆசையின் அடுத்த கட்டம்.

லேசர் என்ன செய்கிறது?

பேனா போல மை பூசுவதில்லை லேசர். மிக நுண்ணிய ஒரு புள்ளியில் வெப்பத்தைக் குவித்து, அந்த இடத்தை உருக்குகிறது, ஆவியாக்குகிறது அல்லது நிறம் மாற்றுகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த படத்தை மெஷின் கோடு கோடாக அப்படியே பொறித்துவிடும். எந்தப் பொருளில் பொறிக்கிறோம் என்பதைப் பொறுத்து பலன் தலைகீழாக மாறும்.

ஏபிஎஸ் பிளாஸ்டிக்: கேம் பாயின் உடல் இந்த வகைதான். சூடு கொஞ்சம் அதிகமானாலும் உருகி, எழுத்தின் ஓரம் மெழுகு போலப் புடைத்துக்கொள்ளும். குறைந்த சக்தி, அதிக வேகம் என்று மெஷினை வைத்தால்தான் கோடு சுத்தமாக வரும்.

நிறமேற்றிய அலுமினியம்: லேசருக்கு மிகவும் ஒத்துப்போகும் பொருள் இது. அனோடைஸ் செய்து கறுப்போ நீலமோ ஏற்றிய அலுமினியத்தில் லேசர் பட்டால், அந்த நிறம் மட்டும் வெளிறி, வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும். பழைய கருவிகளுக்குப் பொருந்தும் அலுமினிய உடல்களைச் சில நிறுவனங்கள் தனியாகவே செய்து விற்கின்றன.

கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வீட்டு உபயோகத்துக்கு வரும் சிறிய மெஷின்களில் பெரும்பாலும் நீல நிற டயோடு லேசர் இருக்கும். அந்த ஒளி, நிறமற்ற பிளாஸ்டிக்கில் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும். மேலே கோடு விழாது; பின்னால் இருக்கும் பொருள் கருகலாம். இதற்கு கார்பன் டை ஆக்சைடு லேசர்தான் சரி.

ஒரிஜினலை விட்டுவிடுங்கள்!

அனுபவசாலிகள் பின்பற்றும் முதல் விதி இது. கேம் பாய், கேம் பாய் கலர், கேம் பாய் அட்வான்ஸ் போன்ற மாடல்களுக்கெல்லாம் அதே அளவில் புதிய மாற்று உடல்கள் விற்பனையில் உள்ளன. பழைய உடலைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டை மாற்று உடலுக்குள் பொருத்தி, அதன் மேல் பொறிக்கலாம். எழுத்து சொதப்பினால் இன்னொரு மாற்று உடல் வாங்கிக்கொள்ளலாம். மனசு மாறினால் ஒரிஜினலை மறுபடியும் மாட்டிக்கொள்ளலாம்.

பணக் கணக்கும் இருக்கிறது. சேகரிப்பவர்கள் பொதுவாகத் தேடுவது தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே இருக்கும் கருவியைத்தான். யாரோ ஒருவரின் பேர் வெட்டிய கேம் பாய், அந்தப் பேர் உள்ளவருக்குப் பொக்கிஷம். மற்றவர்களுக்கு அது சேதமான பொருள்.

எப்படிச் செய்கிறார்கள்?

* கருவியை முழுதாக மெஷினில் வைப்பது பெரிய தவறு. முதலில் பேட்டரியை எடுத்து, திருகாணிகளைக் கழற்றி, ஸ்கிரீன், பட்டன், போர்டு எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். ஒரிஜினல் கேம் பாயில் இருப்பது மூன்று கால் திருகாணி. சாதாரண ஸ்க்ரூடிரைவர் போட்டால் தலை தேய்ந்துவிடும்.

* தட்டையான இடமே லேசருக்கு வசதி. வளைவான பகுதியில் ஃபோகஸ் தவறி எழுத்து மங்கும். மடக்கி மூடும் கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி-யின் மேல்மூடி 8 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான, கிட்டத்தட்ட சதுரமான தட்டைப் பரப்பு. பொறிப்பதற்குத் தோதான இடம் அது.

* முதல் சோதனைக்கு ஏற்றது பேட்டரி மூடி. சிறியது, விலை குறைவு, தனியாகவும் கிடைக்கும்.

* பொறிக்கும் இடத்தில் காகித மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேலேயே லேசரை ஓட்டினால் சுற்றிலும் புகைக்கறை படியாது.

* இன்னொரு வழி, பிளாஸ்டிக்கின் மேல் வேறு நிறத்தில் பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு லேசரால் அந்தப் பெயின்டை மட்டும் நீக்குவது. அடியில் இருக்கும் நிறத்தில் படம் தெரியும். ஆழமாக உருக்கத் தேவையில்லை.

மரியோ, பிக்காச்சு படங்களைச் சொந்த உபயோகத்துக்குப் பொறித்துக்கொள்பவர்கள் உண்டு. ஆனால், அதையே செய்து விற்கத் தொடங்கினால் காப்புரிமைச் சிக்கல் வரும். சொந்தமாக வரைந்த படமோ, குழந்தையின் கையெழுத்தோ என்றால் அந்தக் கவலையே இல்லை.

புகையில் இருக்கிறது ஆபத்து

லேசர் பட்ட ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் இருந்து ஸ்டைரீன், ஹைட்ரஜன் சயனைடு போன்ற நச்சு வாயுக்கள் வரும். பிவிசி இன்னும் மோசம். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்தால் அமிலமாகி நுரையீரலையும் மெஷினையும் ஒருசேரக் கெடுக்கும். வினைல் ஸ்டிக்கர்கள் பிவிசியால் ஆனவை. எனவே, உடலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்த பிறகே லேசர் பக்கம் போக வேண்டும். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாவிட்டால் பொறிக்காமல் இருப்பதே நல்லது.

மூடி இல்லாத சிறிய மெஷின்களில் கண்ணுக்கும் ஆபத்து. ஒளி சிதறி வந்தாலும் பார்வை பாதிக்கப்படலாம். சாதாரண கூலிங் கிளாஸ் உதவாது. அந்த லேசரின் அலைநீளத்துக்கென்றே உள்ள பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். புகையை வெளியேற்றும் வசதி இல்லாத அறையிலோ, குழந்தைகள் நடமாடும் படுக்கையறையிலோ இந்த வேலை வேண்டாம். மெஷின் ஓடும்போது அதை விட்டுவிட்டு எழுந்து போகவும் கூடாது, பிளாஸ்டிக் தீப்பிடிக்கும்.

இத்தனை ஏற்பாடும் வீட்டில் முடியாது என்றால், லேசர் கடையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். போர்டு, ஸ்கிரீனைக் கழற்றிவிட்டு வெறும் உடலை மட்டும் கொடுங்கள். அது என்ன பிளாஸ்டிக் என்பதையும் சொல்லுங்கள்.

வடுவும் வரலாறுதான்

நியூயார்க்கில் உள்ள நிண்டெண்டோ கடையில் ஒரு கேம் பாய் பல ஆண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தது. வளைகுடாப் போரின்போது குண்டு வீச்சில் சிக்கி, முன்பக்கம் கருகி உருகிப்போன கருவி அது. ஆனாலும், டெட்ரிஸ் ஓடிக்கொண்டிருந்தது! அந்தக் கருகலை யாரும் சுரண்டிப் புதுசாக்கவில்லை. அதன் கதையே அந்தக் கருகலில்தான் இருக்கிறது.

உங்கள் வீட்டுப் பரணில் கிடைக்கும் கருவியிலும் அப்படிச் சில அடையாளங்கள் இருக்கலாம். அண்ணன் காம்பஸ் முனையால் கீறிய இனிஷியல், பலமுறை விழுந்து உடைந்த ஓரம், தேய்ந்துபோன பட்டன். லேசரில் எழுதும் எழுத்து இதைவிட அழகாக இருக்கும், ஆனால் இதற்கு ஈடாகாது. அதனால் புது உடலில் தாராளமாகப் பேர் வெட்டுங்கள். கழற்றிய பழைய உடலை, அதன் திருகாணிகளோடு ஒரு டப்பாவில் போட்டு, மேலே மாடல் பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். ஒருநாள் உங்கள் பிள்ளைகள் கேட்கப்போவது அந்த டப்பாவைத்தான்.